'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்': பிறர் கவனக்குறைவால் காயமடைந்தவருக்குச் சட்டத்தில் உள்ள வழிகள்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பதியப்படும் சாலை விபத்து முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகவே இருக்கும். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தன் வாகனத்தை 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டி வந்து மோதிவிட்டார் என்பதே அது. மேலூரில் எழுதினாலும் உசிலம்பட்டியில் எழுதினாலும் சொற்கள் அதிகம் மாறுவதில்லை. காயமடைந்தவரின் குடும்பத்தார் அந்த வரியைக் கேட்டதும், தவறு யாருடையது என்பது அரசாங்கப் பதிவில் ஏறிவிட்டது, இனி வர வேண்டியது தானாக வந்துசேரும் என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் மருத்துவச் செலவும் இழந்த கூலியும் அப்படித் தானாக வருவதில்லை. அவற்றைக் கேட்பதற்குத் தனியான இடம் இருக்கிறது; தனியான காலக்கெடுவும் இருக்கிறது.

திருவாரூரில் தேர்க்காலில் சிக்கிக் கன்று இறந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, நியாயம் என்றவுடன் மனம் தண்டனையை நோக்கியே போகிறது. சட்டமோ இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஒருவர் அஜாக்கிரதையாக ஓட்டியது குற்றமா, அதற்கு என்ன தண்டனை என்று பார்ப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 281 பொது வழியில் அஜாக்கிரதையாக வாகனம் ஓட்டுவதையும், பிரிவு 125 பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயலால் காயம் ஏற்படுத்துவதையும், பிரிவு 106 கவனமின்மையால் மரணம் விளைவிப்பதையும் குற்றமாக்குகின்றன. அங்கே வழக்கை நடத்துவது அரசு. காயமடைந்தவர் அதில் சாட்சி மட்டுமே. ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போனால், அந்தப் பணம் பொதுவாக அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. காயமடைந்தவர் இழந்ததை ஈடுசெய்யும் வழக்கு, அவரே தொடுக்க வேண்டிய உரிமையியல் தன்மை கொண்ட இன்னொரு வழக்கு.

இவ்விரண்டுக்கும் நிரூபிக்க வேண்டிய அளவும் வேறுபடுகிறது. குற்ற வழக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில், இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும். ஆகவே ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் இழப்பீடு கிடைக்கும். இதைத் தெளிவாக்கிய தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே வந்தது. தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் இரவு நேரத்தில் ஒரு பேருந்து உரசியதில் 26 பேர் பாதிக்கப்பட்டனர்; அவர்களில் 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தனர். ஓட்டுநர் விடுதலை செய்யப்பட்டதைக் காட்டி இழப்பீட்டை மறுக்கப் பேருந்து நிறுவனம் முயன்றபோது, குற்றத்துக்கு வேண்டிய அஜாக்கிரதையின் அளவு வேறு, இழப்பீட்டுக்கு வேண்டிய அளவு வேறு என்று கூறி, 1980இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது.

அஜாக்கிரதை என்று சட்டம் எதைச் சொல்கிறது

ஒருவருக்குக் காயம்பட்டதனாலேயே மற்றொருவர் பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. அவருக்கு நம்மிடம் கவனமாக நடந்துகொள்ள வேண்டிய கடமை இருந்ததா, அந்தக் கடமையில் அவர் தவறினாரா, அந்தத் தவறுதான் காயத்துக்குக் காரணமா, அதனால் இழப்பு ஏற்பட்டதா என்று நீதிமன்றம் வரிசையாகப் பார்க்கும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களை மனத்தில் வைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். காளையை அணையக் களத்தில் இறங்கிய வீரருக்கு மாடு முட்டிக் காயம் ஏற்பட்டால், அந்த ஆபத்தை அவர் அறிந்தே விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. அதே நாளில், பார்வையாளர் மேடை சரியாகக் கட்டப்படாமல் சரிந்து, அதில் உட்கார்ந்திருந்தவரின் கால் முறிந்தால் அந்த வாதம் எடுபடாது. அவர் மாட்டைப் பார்க்க வந்தாரே தவிர, மேடை சரியும் என்பதை ஏற்றுக்கொண்டு வரவில்லை. மேடை அமைத்தவருக்கு அவரிடம் கடமை இருந்தது. அதில் அவர் தவறிவிட்டார்.

எப்படித் தவறினார்கள் என்று விளக்கும் சுமை எப்போதும் காயமடைந்தவர் தலையிலேயே விழுவதில்லை. தில்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு ஒன்று இடிந்து விழுந்து மக்கள் இறந்த வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கட்டடத்தின் இயல்பான ஆயுள் 40 முதல் 45 ஆண்டுகள். அதுவோ 80 ஆண்டுகளாக நின்றிருந்தது. சாலையோரக் கட்டடம் தானாக இடிந்து விழுகிறது என்றால் அந்த நிகழ்வே அஜாக்கிரதைக்குச் சாட்சி; பராமரித்தவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பழைய சுண்ணாம்புக் கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் சுற்றி வாழ்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை அறிந்திருப்பது நல்லது.

காயமடைந்தவரிடமும் தவறு இருந்தால் வழக்கே போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை. அவருடைய தவறின் பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கு இழப்பீட்டில் கழிப்பார்கள். அந்தத் தவறு விபத்துக்கோ காயத்துக்கோ உண்மையில் காரணமாக இருந்திருக்கவும் வேண்டும். ஒரே வண்டியில் மூன்று பேர் போனார்கள் என்பது போக்குவரத்து விதிமீறல். ஆனால் பின்னால் வந்த கார் மோதியதற்கு அது காரணமாகாது என்றால், அதை மட்டும் வைத்துத் தொகையைக் குறைக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

முதல் சில நாட்கள்

இந்த இடத்தில் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பின்னால் நடக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த முதல் சில நாட்களில் எழுதப்படும் காகிதங்களால்தான் வெல்கின்றன அல்லது தோற்கின்றன.

என் சித்தப்பா காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். ஆண்டுகள் பல கடந்துவிட்டன. விடியற்காலையில் சைக்கிளில் போனவரைச் சரக்கு வேன் ஒன்று இடித்துத் தள்ளியதில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. மருத்துவமனை வராந்தாவில் வண்டிக்காரர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து, "கேஸு கீஸுன்னு போனா வருசக் கணக்கா அலையணும்ணே, இத வச்சுக்கங்க" என்று பதினைந்தாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். பணம் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டது. புகார் கொடுக்கவில்லை, ஆகவே முதல் தகவல் அறிக்கை இல்லை. மருத்துவமனைப் பதிவில் 'தானாகக் கீழே விழுந்ததாக' என்று எழுதியிருந்ததை நாங்கள் பிறகுதான் பார்த்தோம். அவரால் அதன் பிறகு மூட்டை தூக்க முடியவில்லை.

அந்தப் பதிவைத்தான் மருத்துவமனைகளில் ஏ.ஆர். என்கிறார்கள், விபத்துப் பதிவேடு என்பது அதன் பொருள். காயத்தோடு வருகிறவர் எப்படிக் காயமடைந்தார் என்பதை அவரோ, அழைத்து வந்தவரோ சொல்வதைக் கேட்டு மருத்துவர் அதில் குறிக்கிறார். பதற்றத்தில் 'வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்' என்று சொன்னால் அப்படியே ஏறிவிடும். இரண்டு ஆண்டு கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞர் முதலில் நீட்டிக் காட்டும் காகிதம் அதுவாகவே இருக்கும். எனவே எந்த வகை வாகனம் மோதியது, எங்கே மோதியது, தெரிந்தால் அதன் எண் என்ன என்பதைச் சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். ஏ.ஆர். நகலை, அதாவது ஊரில் சொல்லும் ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

அடுத்தது புகார். காயமடைந்தவர் மருத்துவமனையில் படுத்திருந்தால் காவலர் அங்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். உறவினரோ நேரில் பார்த்தவரோ புகார் கொடுத்தாலும் போதும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். பிறகு காவல்துறை தயாரிக்கும் பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைக் குறிக்கும் பதிவு), இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, மருத்துவர் தரும் காயச் சான்றிதழ், இறுதி அறிக்கை ஆகியவை ஒவ்வொன்றாகச் சேரும். ஓட்டுநருக்கும் இங்கே கடமை உண்டு. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தகவல் தருவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134 அவருக்கு விதிப்பவை.

வழியில் போனவர்கள் காயமடைந்தவரைத் தூக்கத் தயங்குவதற்குப் பெரும்பாலும் காவல் நிலையப் பயமே காரணம். அந்தப் பயத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 134ஏ, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் போட முடியாது என்கிறது. தன் பெயரையும் விவரத்தையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. செலவைப் பற்றியும் முதல் இரண்டு நாட்களில் தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்தில் காயமடைந்தவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது.

வாகன விபத்து: எம்.சி.ஓ.பி. என்னும் வழக்கு

நீதிமன்ற வளாகத்தில் 'கிளைம் கேஸ்' என்றும், கட்டுகளின் மேல் 'எம்.சி.ஓ.பி.' என்றும் குறிக்கப்படுவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யும் மனு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 166 இதற்கு வழி செய்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திருமங்கலத்துக்காரர் ஒருவர் சமயபுரம் போய்த் திரும்பும் வழியில் திருச்சி அருகே அடிபட்டாலும், தாம் வசிக்கும் மதுரை மாவட்டத்திலேயே மனுவைக் கொடுக்கலாம்.

காலக்கெடுதான் இப்போது மிக முக்கியம். பல ஆண்டுகளாக இவ்வழக்குகளுக்குக் காலவரம்பே இல்லாமல் இருந்ததால், எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்ற பழைய நம்பிக்கை இன்னும் ஊரில் இருக்கிறது. 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆக்கிவிட்டது. இந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றிருக்கிறது; அதன் விடையை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. எலும்பு கூடட்டும், நடக்க ஆரம்பிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சிகிச்சை நடக்கும்போதே மனுவைத் தாக்கல் செய்யலாம்.

பணத்தைத் தருவது பெரும்பாலும் மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைப் பொது வழியில் ஓட்டக் கூடாது என்பது பிரிவு 146. ஓட்டுநரிடம் முறையான உரிமம் இல்லை என்பது போன்ற காரணங்களைக் கம்பெனி எழுப்பினால், முதலில் காயமடைந்தவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். காப்பீடே இல்லாத வண்டி என்றால் உரிமையாளரின் சொத்தைத்தான் நம்ப வேண்டும். அரசுப் பேருந்து என்றால் போக்குவரத்துக் கழகமே எதிர்மனுதாரர். தீர்ப்புத் தொகை கட்டப்படாததால் பேருந்து நிலையத்திலேயே பேருந்தை ஜப்தி செய்தார்கள் என்று அவ்வப்போது வரும் செய்திகள் இந்த வழக்குகளின் நிறைவேற்றக் கட்டத்தில் நடப்பவை.

மோதிய வண்டி நிற்காமல் போய், அது எது என்றே தெரியாவிட்டால் வேறு வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை; கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் மனுக் கொடுத்தால், மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் தருவார். நான்குவழிச் சாலையோரத்துக் கிராமங்களில் இருட்டில் சாலையைக் கடக்கும்போது அடிபட்டவர்களின் குடும்பங்களில், இந்த மனுவைப் பற்றிக் கேள்விப்படாதவர்களையே நான் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

வண்டி அடையாளம் தெரிந்தும் யார் தவறு என்று நிரூபிப்பது கடினமாக இருந்தால் பிரிவு 164 உதவும். தவறை நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அதில் உண்டு. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் பிரிவு 166 மனு காலாவதியாகிவிடும் என்பதால், காயத்தின் கடுமையைப் பார்த்து யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். காதுகுத்து, கிடா வெட்டு, துக்க வீடு, அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழா என்று எதற்குப் போனாலும் சரக்கு ஆட்டோவிலும் 'குட்டி யானை' என்னும் சிறு சரக்கு வண்டியிலும் இருபது முப்பது பேர் நின்றுகொண்டே போகிறோம். சரக்கு வாகனத்தில் இப்படிச் சும்மா ஏறிச் செல்லும் பயணிகளுக்கு அந்த வண்டியின் காப்பீடு பொறுப்பேற்காது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தன் சரக்கோடு செல்லும் சரக்குக்காரருக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. வண்டி கவிழ்ந்தால் அதன் உரிமையாளரிடம் கேட்கலாம். பெரும்பாலும் அவரும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் நம்மூர்க்காரராகவே இருப்பார். அதேபோல் இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்தவருக்கும், வண்டிக்காரர் குறைந்த பிரீமியத்தில் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், அந்த வண்டியின் கம்பெனி பொறுப்பேற்பதில்லை.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது

தீர்ப்பாயம் மனம்போன போக்கில் ஒரு தொகையைச் சொல்வதில்லை. 34 வயதான, மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் கொத்தனார் ஒருவருக்கு வலது கால் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குட்பட்ட, சொந்தத் தொழில் செய்பவரின் வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்தது; ஆகவே மாத வருமானம் 21,000 ஆகும். ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குப் பெருக்கெண் 16 என்பது 2009 தீர்ப்பின் அட்டவணை. பெருக்கினால் 40,32,000 ரூபாய். இதில் எத்தனை விழுக்காடு உழைப்புத் திறன் போனதோ அத்தனை விழுக்காடு வருமான இழப்பு.

அந்த விழுக்காடுதான் வழக்கின் உயிர். மருத்துவக் குழு காலின் ஊனம் 30 விழுக்காடு என்று சான்றளித்தால் 12,09,600 ரூபாய் வரும். ஆனால் உடலின் ஊனமும் தொழிலின் இழப்பும் ஒன்றல்ல என்று 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடலாம். அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை அப்படியே இருக்கலாம். சாரத்தில் ஏறி நிற்க முடியாத கொத்தனாருக்கு உழைப்பிழப்பு 50 விழுக்காடு என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் தொகை 20,16,000 ரூபாயாகிறது. எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஆகவே மனுவில் 'கூலி' என்று ஒற்றைச் சொல்லில் எழுதாமல், அவர் என்ன வேலை செய்தார், அந்த வேலைக்கு உடலின் எந்த உறுப்பு தேவை, இப்போது எது முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். மேஸ்திரியோ உடன் வேலை பார்த்தவரோ வந்து சாட்சி சொல்லலாம். நலவாரிய அட்டை, வங்கிக் கணக்கு, சம்பளக் குறிப்பேடு என எது இருந்தாலும் பயன்படும். எதுவுமே இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் உத்தேச வருமானம் ஒன்றை நிர்ணயிக்கும். வீட்டு வேலை செய்யும் பெண்களின் உழைப்புக்கும் அப்படி மதிப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியிருக்கிறது. 'அவங்க வீட்லதான் இருக்காங்க' என்று குடும்பத்தாரே சொல்லி அந்த உரிமையை விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது.

இதோடு மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்தான உணவு, வலியும் வேதனையும், இனி செய்ய வேண்டிய சிகிச்சை ஆகியவை தனித்தனியே சேரும். உடனிருந்து கவனித்தவர் கூலிக்கு வந்தவராக இருக்க வேண்டியதில்லை. வேலையை விட்டுவிட்டு உடனிருந்த மனைவியின் உழைப்பையும் கேட்கலாம். மருந்துக்கடை ரசீது முதல் ஆட்டோவுக்குக் கொடுத்தது வரை தேதியிட்டு எழுதிவைப்பது நல்லது. தீர்ப்புத் தொகைக்கு வட்டியும் உண்டு. தொகை போதாது என்று தோன்றினால், 90 நாட்களுக்குள் ஒத்தக்கடை அருகே உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம்.

வாகனம் சம்பந்தப்படாத காயங்கள்

அறுந்து விழுந்த மின்கம்பியை மிதித்தவர், மின்வாரியம் எதில் தவறியது என்று நிரூபிக்கத் தேவையில்லை. 1997இல் மத்தியப் பிரதேசத்தில், இரவில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பியவர் மழைநீரில் கிடந்த கம்பியால் இறந்தார். யாரோ மின்சாரம் திருடக் கம்பியை இழுத்ததுதான் காரணம் என்று அங்குள்ள வாரியம் வாதிட்டது. ஆபத்தான பொருளைக் கையாள்பவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்று 2002இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. நிகழ்வில் ஐயமில்லாத இத்தகைய வழக்குகளில், அரசியல் சட்டத்தின் உறுப்பு 226இன் கீழ் மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு) போட்டு இழப்பீடு பெற முடிகிறது. மூடாமல் விட்ட பாதாளச் சாக்கடைக் குழிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இதே வழி. என்ன நடந்தது என்பதிலேயே தகராறு இருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும். அரசை எதிர்த்து வழக்குப் போட இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. மரணத்துக்கான வழக்குக்கு இரண்டு ஆண்டு வரம்பு. சட்டப்படியான கடமையில் செய்ததாகச் சொல்லப்படும் செயல்களுக்கு ஓராண்டு வரம்பும் குறுக்கே வரலாம்.

வேலையிடத்தில் காயம் என்றால் முதலாளியின் தவறைக் காட்ட வேண்டியதே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்தது என்று காட்டினால் போதும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கப்படும் தொழிலாளி இ.எஸ்.ஐ. வழியாக உதவித்தொகை பெற வேண்டும். மற்றவர்களுக்கு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நீண்ட காலம் துணையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. இந்த மாற்றக் காலத்தில் எந்தப் படிவம், எந்த அலுவலர் என்பதைத் தொழிலாளர் துறையில் கேட்டறிவதே நல்லது. லாரிக் கிளீனர் போல வேலையிலும் சாலையிலும் ஒருசேர அடிபட்டவர், தொழிலாளர் இழப்பீடு, தீர்ப்பாயம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

மருத்துவமனையின் கவனக்குறைவைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். சிகிச்சை பலிக்கவில்லை என்பதே அஜாக்கிரதை ஆகாது. அதே துறையில் சராசரித் திறனுள்ள மருத்துவர் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்பதே அளவுகோல். மருத்துவரைக் குற்ற வழக்கில் நிறுத்தக் கவனமின்மை மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், பெரும்பாலோர்க்கு ஏற்ற இடம் நுகர்வோர் ஆணையமே. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995 முதல் தெளிவாக உள்ளது. கொடுத்த கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கு நேர்ந்த தவறுக்கு உரிமையியல் வழக்கோ ரிட் மனுவோதான் வழி. எந்த மருத்துவமனையானாலும் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்துப்பூர்வமாகக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. சந்தேகம் எழுந்த அன்றே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

வழக்கறிஞரும் செலவும்

விபத்து வார்டுகளைச் சுற்றிப் புரோக்கர்கள் வருவதுண்டு. வருகிற பணத்தில் இத்தனை விழுக்காடு என்று பேசி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு கேட்டு வழக்கறிஞர் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடைசெய்கின்றன. கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே தொகையாகப் பேசி எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பணம் இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். விபத்து வழக்குகள் பல மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிகின்றன. பணமும் விரைவில் கிடைக்கிறது. ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே மேலே காட்டிய கணக்கைத் தம் வழக்குக்குப் போட்டுப் பார்த்து, எந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று வழக்கறிஞரோடு பேசிவைத்துக்கொண்டு போக வேண்டும்.

முதல் நாள் போகும்போது ஏ.ஆர். காப்பி, முதல் தகவல் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ரசீதுகள், ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனால் போதும். அசலை யாரிடமும் விட்டுவராமல் நகல்களை மட்டும் கொடுத்துவிட்டு வர வேண்டும். மற்றவற்றை அவர்களே கேட்டு எழுதிக்கொள்வார்கள்.